வால் மிதவையில் கட்டிய சாரன்

1. முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்கள் பணிப்பாளர் ஒரு கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும், நாட்டின் எண்ணெய், எரிவாயுத் தேடலில் அந்த வருடம் ஏற்பட்ட முன்னேற்றத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி கேட்டார். அந்தக் கட்டடத்துக்குள் நான் வந்து அரை மணித்தியாலம் ஆகவில்லை. மலசலகூடம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.

"என்ன முன்னேற்றம் நடந்தது, சேர்?"

"அதை எழுதத்தானே ஐசே உம்மை எடுத்தது."

பணிப்பாளர் யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர். கோபம் வந்தாலும் சந்தோசம் வந்தாலும் 'ஐசே' என்றுதான் தொடங்குவார். எது என்று வாக்கியம் முடியும்போதுதான் தெரியும். நான் மட்டக்களப்புக் கரையோரக் களுவாஞ்சிக்குடிக்காரன். பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் படித்தவன். அதாவது, கல்லைப் பார்த்து அதன் வயதைச் சொல்வேன், மனிதரைப் பார்த்து ஒன்றும் சொல்ல வராது.

அன்றிலிருந்து வருடா வருடம் அந்த ஒரு பக்கத்தை நான்தான் எழுதினேன். மேற்கே மன்னார்க் கடலில் துளையிட்டு எரிவாயு கண்டது உண்மை. அது இன்னும் கடலடியில்தான் இருக்கிறது என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் இடையில் வருடம் ஒரு பக்கம் எழுத வேண்டும். பேச்சுவார்த்தைகள் தொடர்ந்தன, வரைபுகள் திருத்தப்பட்டன, முதலீட்டாளர்கள் ஆர்வம் காட்டினர். யாராவது வெளிநாட்டுக்காரர் வந்து எங்கள் அலுவலகத்தில் தேநீர் குடித்தாலே எழுத எனக்கு அரைப் பந்தி கிடைத்துவிடும்.

ஊரில் என்னை 'எண்ணெய் ஒபிஸ்காரர்' என்பார்கள். பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் நானும் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரிசையில் நின்றேன். பின்னால் நின்ற அயல்வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன தம்பி, நீங்களே இதுக்க நிண்டா நாங்க எங்க போற?" என்றார். நாட்டின் எண்ணெய்த் தேடலை அவ்வளவு சுருக்கமாக மதிப்பிட்ட அறிக்கையை நான் பிறகு எங்கேயும் வாசிக்கவில்லை.

இத்துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் கனவு காண்பது கடலில் துளையிடும் பெரிய ரிக், தீச்சுவாலை, இரும்புத் தொப்பி. எனக்குக் கிடைத்தது ஒரு கதிரை. ஆனாலும் ஒரு வருடம், ஒரே ஒரு வருடம், எங்கள் ஊர்க் கடலிலேயே உண்மையான முன்னேற்றம் ஒன்று நடந்தது. அது நடக்கும்போது நான் அந்தக் கதிரையில் இல்லை.

2. விரலும் உள்ளங்கையும்

அந்த வருடம் கிழக்குக் கடலில் சைஸ்மிக் சேர்வே செய்ய ஒரு வெளிநாட்டுக் கப்பல் வந்தது. துளையிடுவதற்கு முந்திய வேலை அது. வத்தகப்பழம் விற்பவர் பழத்தை வெட்டாமல் விரலால் தட்டிக் காதைக் கொடுத்துப் பார்ப்பார் அல்லவா, அதேதான். கப்பலின் பின்னால் ஏர் கன் என்ற கருவி, அமுக்கிய காற்றைத் தண்ணீருக்குள் விட்டு விட்டு வெடிக்கும். அந்தச் சத்தம் கடலடிக்குக் கீழே போய், பாறைப் படைகளில் பட்டுத் திரும்பி வரும், அதை வைத்துப் படைகளைப் படமாக வரைவார்கள். திரும்பி வருவதைக் கேட்பதற்கு ஸ்ட்ரீமர் என்ற கேபிள். பல கிலோமீற்றர் நீளம், உடம்பெல்லாம் ஒலிவாங்கி. தண்ணீருக்குள் அமிழ்ந்து வரும், மேலே ஒன்றும் தெரியாது. அதன் கடைசி நுனியில் மட்டும் ஒரு மிதவை, அதன் மேல் ஒரு கம்பம். டெயில் பாய் என்பார்கள். நான் வால் மிதவை என்று எழுதுவேன்.

இப்படி இழுத்துக்கொண்டு கப்பல் நேர்கோட்டில் போக வேண்டும். அந்தக் கோட்டுக்கு 'லைன்' என்று பெயர். நிற்கக்கூடாது, திரும்பக்கூடாது, வேகம் மாறக்கூடாது. குறுக்கே ஒரு வலை கிடந்தால் வலையும் போகும், கேபிளும் போகும். அருகில் எஞ்சின் இரைந்தால் கீழேயிருந்து வருவது கேபிளுக்குக் கேட்காது. 'நொய்ஸ்' என்று சொல்லி அந்தப் பகுதிப் பதிவைத் தள்ளிவிடுவார்கள்.

ஆழ்கடலை நோக்கிப் போகும் லைன்கள் எல்லாம் குழப்பமில்லாமல் முடிந்தன. கடைசியாக மிஞ்சியது கரைக்குச் சமாந்தரமாக, களுதாவளைக்கு நேரே தொடங்கிப் பாசிக்குடாவுக்கு நேரே முடியும் லைன். மற்ற லைன்கள் எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு போய் ஒன்றோடொன்று இணைப்பது அதுதான். டை லைன். மற்றவை விரல்கள் என்றால் இது உள்ளங்கை. இது இல்லாவிட்டால் கையில் இருப்பது கை அல்ல, சில விரல்கள்.

எங்கள் பக்கத்தில் ஆழம் கரைக்குக் கிட்டவே தொடங்கிவிடும். அதனால் அந்த லைன் மீன்பிடிக்கிற கடலுக்குள்ளேயே ஓடியது. கப்பலுக்கோ அடுத்த நாட்டில் ஒப்பந்தம். அந்த வார முடிவில் போய்விடும். பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார்.

"ஐசே, உம்மட ஊர்க் கடல். ஒரு அரை நாளைக்குப் படகு இல்லாமல் செய்து தாரும். இந்த லைன் விட்டுப்போச்செண்டால் இவ்வளவு நாளும் ஓடினதை ஒருத்தனுக்கும் காட்டேலாது. காட்டாட்டில் துளை போட ஆர் வருவான்?"

கடலைக் காலி செய்து தரும்படி கேட்டது அதுதான் முதல் தடவை. அது வரைக்கும் எனக்கு மேசையைக் காலி செய்துதான் பழக்கம்.

3. நான் போட்ட கணக்கு

இங்கே என் மூளையைப் பற்றிச் சற்றுப் பெருமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறகு வாய்ப்புக் கிடைக்காது.

அது வைகாசி மாதம். தெற்கே எங்கள் பக்கத்து ஊர்களில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு நடந்துகொண்டிருந்தது. களுவாஞ்சிக்குடியில் கூட்டம் போட்டு, கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் அரசரெத்தினம் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன்.

"சடங்குக்குள்ள எவன் கடலுக்குப் போவான்?" என்றார் அவர். "ஊரே சைவம். புடிச்சாலும் வாங்க ஆளில்ல. என்ட வீட்டுல மீன் சட்டியக் கழுவிக் கவுத்தாச்சு. கடைசி நாள் குளிர்த்தி முடியிற வரைக்கும் உங்கட கப்பல் தாராளமா ஓடட்டும்."

"பெரிய உபகாரம் அண்ணன்."

"அது சரி, அது வெடிச்சா மீன் ஓடிராதா?"

"கொஞ்சம் விலகும், மறுகா வரும் எண்டுதான் படிச்சவங்க சொல்றாங்க. எவ்வளவு விலகும் எண்டு சரியாச் சொல்ல எனக்குத் தெரியா."

"ஒபிஸ்காரன் ஒருத்தன் தெரியா எண்டு சொல்லி இண்டைக்குத்தான் கேக்கன்," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு தெற்குப் பாதி முடிந்தது.

வடக்குப் பாதிக் கடல் வாழைச்சேனைத் துறைமுகத்துப் படகுகளுடையது. ஓட்டமாவடி முஸ்லிம் தொழிலாளர்கள் பல நாள் தங்கி ஆழ்கடலில் தொழில் செய்கிறவர்கள். அங்கே போய்க் கேட்டேன்: "வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவீங்களா?"

"இல்ல சேர். வெள்ளி ஒருத்தரும் போற இல்ல. ஜும்ஆத் தொழுகை இரிக்கே."

நான் எழுந்து நின்று கைகொடுத்தேன். சடங்குக் காலத்து வெள்ளிக்கிழமை விடியற்காலையில் களுதாவளையில் தொடங்கினால், ஜும்ஆவுக்குச் சற்று முன் பாசிக்குடாவில் முடியும். தெற்கே அம்மன், வடக்கே ஜும்ஆ. இரண்டு சமயங்களையும் ஒரே லைனில் கோர்த்த முதல் புவிச்சரிதவியலாளன் நானாகத்தான் இருக்க வேண்டும்.

பணிப்பாளருக்கு அழைப்பெடுத்துச் சொன்னேன். "ஐசே, உமக்கு மண்டை இருக்கு," என்றார். அத்தனை வருடச் சேவையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. மறுநாள் காலை வரைக்கும் அதை அனுபவித்தேன்.

4. காலியான கடல்

வெள்ளி விடியற்காலை நான் காவல் படகில் இருந்தேன். கப்பலுக்கு முன்னும் பின்னும் ஓடி வழியில் வருகிறவர்களை விலக்குகிற சிறு படகு அது. சேஸ் போட் என்பார்கள். தெற்குக் கடல் அப்படியே கண்ணாடி. ஒரு தோணி இல்லை. கப்பலில் சேர்வேக்குத் தலைவரான வெள்ளைக்காரர், பார்ட்டி சீஃப், வானொலியில் என்னைக் கூப்பிட்டு, இவ்வளவு காலியான கரையோரக் கடலைத் தன் சேவைக் காலத்தில் பார்த்ததில்லை என்றார். நான் அடக்கமாக நன்றி சொன்னேன்.

மட்டக்களப்பு நகரத்தைத் தாண்டி, ஏறாவூர்க் கரையைத் தாண்டி வடக்கே போனோம். வெயில் ஏறியது. கிழக்கே அடிவானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

பார்ட்டி சீஃப் மறுபடியும் கூப்பிட்டார். "உங்கள் காலியான கடலில் சாதாரணமாக எத்தனை படகுகள் இருக்கும்?"

அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. வெள்ளிக்கிழமை ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. முழு உண்மை. வெள்ளிக்கிழமை எல்லோரும் கடலிலிருந்து வருவார்கள். கிழமைக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்தவர்கள் எல்லாம் ஜும்ஆவைப் பிடிக்க, எஞ்சினை முறுக்கிக்கொண்டு, என் லைனுக்குக் குறுக்கே, வாழைச்சேனையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். நான் கேட்டது போவீர்களா என்று. அதற்கு அவர்கள் சரியாகப் பதில் சொல்லியிருந்தார்கள்.

முதலில் பெரிதாக ஆபத்தில்லை. வீட்டுக்கு வருகிறவன் வலை போடமாட்டான். கேபிள் ஆழத்தில் இருக்கிறது, மேலால் கடந்து போகலாம். ஓரிருவர் கடந்து போக, அந்தந்த இடத்தில் கொஞ்சம் நொய்ஸ் வரும், பரவாயில்லை. பார்ட்டி சீஃபும் பொறுத்துக்கொண்டார்.

ஆனால் ஒரு படகு கடந்து போகவில்லை. வால் மிதவைக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தது.

5. கண்டவன் உரிமை

ஆழ்கடலில் மிதந்து வரும் மரக்கட்டையைக் கண்டால் எங்கள் மீனவர்கள் விடமாட்டார்கள். கட்டையின் நிழலில் மீன் கூடும். முதலில் கண்டவன் தன் துணியொன்றைக் கட்டையில் கட்டிவிட்டால் அது அவனுடையது. மற்றவர்கள் கிட்ட வரக்கூடாது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. சட்டப் புத்தகத்தில் உள்ளதைவிட நன்றாக நடக்கிறது.

பல நாளாகத் தண்ணீரில் இழுபட்ட எங்கள் வால் மிதவையின் கீழே சூரை மீன்கள் கூடித் துள்ளிக்கொண்டிருந்தன. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மிதவையின் கம்பத்தில் இடுப்பில் உடுத்தும் நீலக் கட்டம் போட்ட சாரன் ஒன்று பறந்தது. படகு மிதவையோடு சேர்ந்து ஓட, தூண்டிலும் இறங்கிவிட்டது. ஒரு படகு நின்றால் அங்கே மீன் என்று அர்த்தம். அதைக் கண்ட மற்றப் படகுகளும் வீட்டுப் பாதையை விட்டு இந்தப் பக்கம் திரும்பின.

வானொலியில் பார்ட்டி சீஃபின் குரல் மாறியிருந்தது. "வால் பகுதியில் எஞ்சின் சத்தத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை. இன்னும் சற்று நேரம் பார்ப்பேன். அடங்காவிட்டால் லைனை நிறுத்துகிறேன். திரும்ப ஓட எனக்கு நாளில்லை."

நான் ஒலிபெருக்கியை எடுத்தேன். "விலகுங்க! அது அரசாங்கத்துச் சாமான்! விலகுங்க!"

படகில் நின்ற பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். நரைத்த தாடி, தலையில் துவாய். ஓட்டமாவடி மன்சூர் காக்கா. அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். படகும் அவருடையது, அதை ஓட்டும் தண்டையலும் அவர்தான். பக்கத்தில் தூண்டிலோடு நின்றவன் அவருடைய மச்சினன் சப்ரி. அவன் அரைக் காற்சட்டையோடு நின்றதால் சாரன் யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"என்னத்துக்குக் கத்துறீங்க? பக்கத்துலதானே நிக்கிறம்," என்றார் மன்சூர் காக்கா.

"காக்கா, அதுல கட்டின துணியக் கழட்டுங்க. அது எங்கட."

"உங்கட எண்டு எங்க எழுதிரிக்கி?"

மிதவையில் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. காட்டினேன்.

"அது உங்கட பேரா?"

"இல்ல."

"மறுகா?"

"காக்கா, யோசிச்சுப் பாருங்க. கட்டை எண்டா நீரோட்டத்தோட போகும். இது நீரோட்டத்துக்கு எதிரா ஓடுது."

"அதான் நாங்களும் பாத்த," என்றான் சப்ரி. "நல்ல கட்டை."

தூரத்தில் தெரிந்த கப்பலைக் காட்டினேன். அதன் வால்தான் இது, இங்கிருந்து அங்கு வரைக்கும் தண்ணீருக்குள் கேபிள் இருக்கிறது என்றேன். சப்ரி கப்பலைப் பார்த்தான், மிதவையைப் பார்த்தான், பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அவ்வளவு நீளக் கயிறு எந்தக் கடையில விக்கிது, சேர்?"

"சட்டப்படி பாத்தா..." என்று நான் தொடங்கினேன்.

"சட்டம் கதைக்காதீங்க, ஜும்ஆவுக்கு நேரம் போகுது," என்றார் மன்சூர் காக்கா.

அதற்குள் நாலைந்து படகுகள் கிட்ட வந்துவிட்டன. மன்சூர் காக்கா அவர்கள் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் தூக்கினார். "டேய், இது நான் கண்ட கட்டை! துணி கட்டிரிக்கன். கிட்ட வராத!"

எல்லாப் படகுகளும் அந்த இடத்திலேயே வேகத்தைக் குறைத்தன. ஒருவர்கூட வாதாடவில்லை.

என் கையில் ஒலிபெருக்கி, கழுத்தில் அடையாள அட்டை, பின்னால் ஓர் அரசாங்கம். ஒருவரும் அசையவில்லை. ஒரு சாரனுக்கு அத்தனை படகுகளும் நின்றன. மனிதரைப் பார்த்து ஒன்றும் சொல்லத் தெரியாத எனக்கே விளங்கிக்கொள்ள அது போதுமானதாக இருந்தது. ஒலிபெருக்கியைக் கீழே வைத்தேன்.

"காக்கா, ஒத்துக்கிறன். நீங்க கண்ட கட்டை. உங்கடதான்."

மன்சூர் காக்கா சந்தேகமாகப் பார்த்தார். ஒபிஸ்காரன் இவ்வளவு சுலபமாகத் தருகிறான் என்றால் ஏதோ இருக்கிறது.

"உங்கட கட்டைக்கு ஒரு நோய் வருத்தம் வந்தா ஆரு பாக்குற?" என்று கேட்டேன்.

"நான்தான்."

"அப்ப கேளுங்க. இதுக்கு முன்னால போறது கயிறு இல்ல. காது. கப்பல் வரைக்கும் முழுக்கக் காது. கடலுக்குக் கீழ இருந்து வாற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போகுது. உங்கட எஞ்சின் இரையிறதால அதுக்கு ஒண்டும் கேக்குதில்ல."

"என்னத்தக் கேக்குது?"

"கீழ எண்ணெய் இரிக்கிற மாதிரிப் பாறை கிடக்கா எண்டு."

மன்சூர் காக்கா தூண்டில் கயிற்றைக் கையில் பிடித்தபடியே குனிந்து தண்ணீரைப் பார்த்தார்.

"எங்கட கடல்லயா?"

"உங்கட கடல்லதான். இண்டைக்குக் கேக்காட்டிக் கப்பல் போயிரும். மறுகா எப்ப வரும் எண்டு எனக்கே தெரியா."

"இத முதல்ல செல்லிரிக்கலாமே. அரசாங்கம் அரசாங்கம் எண்டு கத்திட்டு." திரும்பி, "சப்ரி, தூண்டில எடு," என்றார்.

"மச்சான், மீன் துள்ளுது!"

"காது கேக்காத கட்டைய வச்சி என்னடா செய்யிற? எடு."

தூண்டிலை எடுத்தார்கள். சாரனை எடுக்கவில்லை. மன்சூர் காக்கா தன் படகின் வானொலியைக் கையிலெடுத்தார். நான் அரை மணித்தியாலம் விளக்கக்கூடியதை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்தார்: "துறைக்கு வாற எல்லா போட்டும் கேளுங்க. நான் ஒரு கட்டை புடிச்சிரிக்கன், அதுக்கு முன்னால கப்பல் வரைக்கும் ஒருத்தரும் குறுக்க வராதீங்க. எல்லாரும் சாரனுக்குப் பின்னால தூரமாச் சுத்தி, எஞ்சினைக் குறைச்சிப் போங்க."

ஏன் என்று யாரோ கேட்டது எங்கள் படகின் வானொலியிலும் கேட்டது. "மறுகா செல்றன்," என்றார்.

படகுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வளைந்து போயின. மன்சூர் காக்கா தன் படகை நன்றாக ஒதுக்கி, தூரத்தில் எங்களோடு சமாந்தரமாக ஓட்டினார். யாராவது குறுக்கே திரும்புகிற மாதிரித் தெரிந்தால் எழுந்து கையை ஆட்டுவார். அவ்வளவுதான், திரும்பிவிடுவார்கள். நான் சும்மா இருந்தேன். அன்று நான் செய்த உருப்படியான வேலை அதுதான்.

"காக்கா, உங்களுக்கு ஜும்ஆ போயிருமே?" என்று நடுவில் வானொலியில் கேட்டேன்.

"நான் இன்னம் பயணத்துல இரிக்கன், பயணிக்கு ஜும்ஆ கடமையில்ல. படகுலயே ளுஹர் தொழுதுக்குவன். அல்லாஹ் கணக்குப் பாக்கத் தெரிஞ்சவன். நீங்க உங்கட காதப் பாருங்க."

பாசிக்குடா ஹோட்டல்களின் கூரைகள் இடது பக்கம் தெரிந்தன. குடாவில் குளித்துக்கொண்டிருந்த உல்லாசப் பயணிகள் கப்பலைப் படம் எடுத்திருப்பார்கள். என்ன நடக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது. கரையில் இருந்த எங்கள் ஆட்களுக்கும் தெரியாது. பார்ட்டி சீஃப் வானொலியில் வந்தார்.

"லைன் முடிந்தது. வால் பகுதி சுத்தம்." பிறகு, "தூரநோக்கியில் பார்க்கிறேன், மிதவையில் பறக்கும் கொடி எந்த அமைப்பினுடையது?" என்று கேட்டார்.

"உரிமையாளருடையது," என்றேன்.

6. அந்த வருடத்து முன்னேற்றம்

அந்த வருடத்துப் பக்கத்தை எழுத எனக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. எழுதிவிட்டு, ஓட்டமாவடித் தண்டையல் ஒருவரின் ஒத்துழைப்போடு என்று ஒரு வரி சேர்த்தேன். வெட்டுவார் என்றுதான் நினைத்தேன். பணிப்பாளர் வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார். "ஐசே, அந்த மனுசன்ர பேரையும் போடும்," என்றார். போட்டேன்.

துளை இன்னும் போடவில்லை. எப்போது போடுவார்கள் என்று கேட்காதீர்கள். பெற்றோல் வரிசையில் நின்ற மனிதனிடம் கேட்கிற கேள்வி அல்ல அது. ஆனால் துளையிட வருகிற கம்பெனிக்காரர் யாராக இருந்தாலும் முதலில் விரிப்பது அந்த டை லைனைத்தான். கிழக்குக் கடலின் அடிவயிற்றை முழுமையாகக் காட்டுகிற படம் நம்மிடம் இருக்கிறது. சிறிய நாடு, சிறிய அலுவலகம், ஆனால் அது முழுசாக இருக்கிறது. அதைச் சொல்லும்போது நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவேன்.

பிள்ளைகளே, உங்களுக்கு வேலையில் உதவக்கூடியது இதுதான்: ஒரு கடலுக்குள் போகும்போது, அது யாருடையது என்பதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்து பார்த்தேன். ஒலிபெருக்கி இருந்தும் சரிவரவில்லை.

படம் தயாரானதும் அதில் ஒரு துண்டைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் போனேன். மன்சூர் காக்கா ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். வரி வரியாகப் பாறைப் படைகள். ஓரிடத்தில் மட்டும் மேலிருந்து கீழாக ஒரு கலங்கல்.

"இது என்ன ஊத்தை?"

"உங்கட எஞ்சின், காக்கா. நீங்க தூண்டில் போட்ட நேரம்."

"அழிக்கேலாதா?"

"அழிக்கலாம். மத்தப் படத்துல அழிச்சாச்சு. இதுல நான்தான் விடச் சொன்ன."

அவர் விரலை வைத்து அந்தக் கலங்கலுக்குக் கீழே, ஆழத்தில் கூரை போல வளைந்து கிடந்த படைகளைத் தொட்டார். திரையில் மீன் ஈரம் பட்டது.

"இதுக்குள்ள இரிக்கா?"

"இரிக்கலாம். துளை போட்டாத்தான் தெரியும்."

"போடட்டும்," என்று கைப்பேசியைத் திருப்பித் தந்தார். ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த சப்ரியைப் பார்த்து, துறைமுகம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "டேய், வந்து பாரு. எங்கட கடலுக்கு இவ்வளவு ஆழத்துல வீடு இரிக்கி."